மூணு தடவ தொறக்காதவுக

மெயில்
கே.கே.பட்டி, 14 மார்ச் 2010

விஜயபாண்டி மச்சானுக்கு,

வணக்கம். நான் சூரியபிரகாஷ். உங்க தங்கச்சி நதியா மதினியோட கொழுந்தன். கல்யாணப் பந்தியில உங்க இலையில ரசத்தக் கவுத்துவிட்டேனே, அவன்தான். இப்ப டக்குன்னு ஞாபகம் வந்திருக்கும்.

மச்சான், நான் உங்க ரசிகன். நெசமாத்தான். உங்க பிளாக் மொத்தத்தையும் படிச்சு முடிச்சுட்டேன். மெயில் அனுப்புற கம்பெனியில உக்காந்துக்கிட்டு, எந்தத் தொழில்ல எத்தன பேரு மெயிலத் தொறக்குறாக, எத்தன பேரு உள்ள இருக்குற லிங்க அமுக்குறாகன்னு நீங்க போடுற சராசரி அட்டவண இருக்கே, அத பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டிருக்கேன். மத்த பயலுக நடிகருக்கு பேனர் வைக்கிறாய்ங்க. எங்க அண்ணன் சங்கிலி பாத்துட்டு, "ஏலே, என்னடா இது, பரீட்சை டைம்டேபிளா?"ன்னு கேட்டான். "இல்லண்ணே, பெஞ்ச்மார்க்கு"ன்னேன். "உருப்பட்ட மாதிரிதான்"னுட்டு தோட்டத்துக்குப் போயிட்டான்.

விசயத்துக்கு வாரேன். பாப்பா ஹர்ஷினிக்கு ஜூன் 27 ஞாயித்துக்கிழம குலசாமி கோயில்ல காதுகுத்து வச்சிருக்கோம். நம்ம சொந்தம் திருப்பூரு, சென்னை, துபாய்னு செதறிக் கெடக்கு. வயசுப் பயலுக எல்லாருகிட்டயும் மெயில் இருக்கு. பெருசுகளுக்கு மகனோ மகளோ தொறந்து காட்டுவாக. அதனால பத்திரிகைய மெயில்லயே அனுப்பி, நெனவூட்டல் எல்லாம் தானா போற மாதிரி செட் பண்ணப் போறேன். என்னோட மொத கேம்பெயின்! ரிப்போர்ட் நல்லா வந்தா அதக் காட்டி கம்பத்துல கடைக்காரவுககிட்ட வேல கேப்பேன்.

நீங்கதான் குரு. எவ்வளவு பேரு தொறந்தா நல்ல ரேட்டு? என்னென்ன செய்யணும்? சொல்லிக் குடுங்க.

உங்க ரசிகன்,
சூர்யா

---

மெயில்
பெங்களூரு, 16 மார்ச் 2010

மாப்ள சூர்யா,

ரசத்த மறக்க முடியுமா? அந்தச் சட்டை இன்னும் மஞ்சளாத்தான் இருக்கு.

என் பிளாக்க ஒருத்தன் முழுசா படிச்சிருக்கான்னு இன்னைக்குத்தான் தெரியும். எங்க ஆபீஸ்ல கூட எவனும் படிக்க மாட்டான். ரொம்ப சந்தோசம்டா.

சராசரியா நூறு பேருக்கு அனுப்புனா இருவது பேரு தொறப்பான். சொந்தக்காரன்கிறதால நீ முப்பது எதிர்பாக்கலாம். அதுக்குக் கீழ போனா தலைப்பு சரியில்லன்னு அர்த்தம். தலைப்புல ரெண்டு விதம் எழுதிக்க. பாதிப் பேருக்கு ஒண்ணு, மீதிப் பேருக்கு இன்னொண்ணு. எது செயிக்குதோ, நெனவூட்டலுக்கு அதயே பிடிச்சுக்க. தமிழ் எழுத்து நம்ம ரெண்டு பேரு மெசின்ல வருது, ஆனா பல பேருக்கு கட்டம் கட்டமாத்தான் வரும். அதனால தலைப்ப மட்டும் இங்கிலீஷ் எழுத்துல போட்டுட்டு, பத்திரிகைய மொத்தமா ஒரே படமா உள்ள வச்சிரு.

முக்கியமான ஒண்ணு. மூணு மெயில் அனுப்பியும் தொறக்காதவன லிஸ்ட்ட விட்டுத் தூக்கிரு. எரக்கமே பாக்காத. அந்த மாதிரி ஆளு உன் ரேட்டக் கீழ இழுத்துட்டுப் போயிருவான். அதையும் மெசினே செய்யும், நீ ரூல் மட்டும் எழுது.

பாப்பா எப்படி இருக்கா? பொறந்தப்ப துணியில சுத்திக் கையில குடுத்தாக, அதோட சரி. லீவே கெடைக்கல. தோடு எடுத்து வச்சுட்டேன். சின்னதா, செகப்புக் கல்லு வச்சது. காது குத்துறப்ப என் மடியிலதான உக்காரணும், அதுக்குள்ள என் மொகத்த யாராச்சும் அவளுக்குப் பழக்கி விடுங்கப்பா. இல்லன்னா கத்தி ஊரக் கூட்டிருவா.

விஜயபாண்டி

---

மெயில்
கே.கே.பட்டி, 9 மே 2010

மச்சான்!!!

ஐம்பத்தி நாலு சதவீதம்! உங்க அட்டவணைல எந்தத் தொழிலும் இவ்வளவு இல்ல! சுவத்துல அட்டவணைக்குப் பக்கத்துலயே என் ரிப்போர்ட்டையும் ஒட்டிட்டேன்.

நீங்க சொன்னத ஒண்ணு விடாம செஞ்சேன். தலைப்பு ரெண்டு. ஒண்ணு "குடும்பத்தோட அவசியம் வந்துரணும்". இன்னொண்ணு வெறுமனே "காதுகுத்து, ஜூன் 27". யாருக்கு எதுன்னு மெசினே குலுக்கிப் போட்டு அனுப்புச்சு. செயிச்சது எது தெரியுமா? ரெண்டாவது! நம்பவே முடியல. சுருக்கமா சொன்னாத்தான் தொறக்குறாக.

ஒரு சின்னச் சிக்கல். கம்பத்துல எங்க அத்த கஸ்தூரியம்மாளுக்கு ரெண்டாவது தலைப்பு போயிருக்கு. அவுக எதுத்த வீட்டுக்காரவுகளுக்கு மொதத் தலைப்பு. ரெண்டு பேரும் கொழாயடியில ஒப்பிட்டுப் பாத்துட்டாக. அத்த நேரா வீட்டுக்கே வந்துருச்சு.

"ஏலே சூர்யா, அவளக் குடும்பத்தோட கூப்பிட்ட. என்னைய தேதி மட்டும் சொல்லிக் கூப்பிட்ட. எனக்கு என்ன குடும்பமில்லயா?"

"அத்த, அது டெஸ்ட்டு அத்த. பாதிப் பேருக்கு அப்பிடி, பாதிப் பேருக்கு இப்பிடி."

"என்னைய வச்சு என்னத்தடா டெஸ்ட்டு பண்ற? நான் என்ன எலியா?"

காப்பி குடுத்து, குடும்பத்தோட வாங்கன்னு மூணு தடவ சொல்லி அனுப்பி வச்சேன். இது உங்க பிளாக்குல இல்லாத விசயம், எழுதிக்கோங்க.

நெனவூட்டல் எல்லாம் செட் பண்ணியாச்சு. இனி நான் கையே வைக்க வேண்டாம். அப்புறம், எங்க அண்ணன் வெத்தல பாக்குத் தட்டோட பெங்களூரு வந்து உங்களக் கூப்பிடணும்னு நின்னான். தாய்மாமன மொறையா நேர்லதான் கூப்பிடணுமாம். நான்தான் நிறுத்துனேன். "அண்ணே, அவுக பெஞ்ச்மார்க் போடுற ஆளு. நீ வெத்தலையத் தூக்கிட்டுப் போய் நின்னா சிரிப்பாக. பத்திரிகையில அவுக பேர எப்பிடிப் போட்டிருக்கேன்னு பாத்தாலே போதும்"னேன். திராட்சைக் கொடியில கவாத்து வெட்டுற நேரம் வேற, அவனுக்கும் தோட்டத்த விட்டு வர முடியல. சரின்னுட்டான்.

சரியாத்தான மச்சான் செஞ்சேன்?

சூர்யா

---

தபால்
பெங்களூரு, 2 ஜூன் 2010

திரு. சூரியபிரகாஷ் அவர்களுக்கு,

இனி எனக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம். எதை நீங்கள் எழுதினீர்கள், எதை இயந்திரம் எழுதியது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அதனால்தான் தபால்.

சென்ற மாதம் என் தங்கை வீட்டிலிருந்து ஒரு மெயில் வந்தது. "காதுகுத்து, ஜூன் 27". அவ்வளவுதான். உள்ளே ஒரு வார்த்தை இல்லை. என் பெயர் இல்லை. வா என்றுகூட இல்லை. சரி, இது வெறும் தகவல், நீங்கள் தடுத்தாலும் பத்திரிகையோடு சங்கிலி மாப்பிள்ளை நேரில் வருவார் என்று காத்திருந்தேன். இரண்டு சனி, ஞாயிறு எங்கும் போகாமல் வீட்டிலேயே இருந்தேன்.

யாரும் வரவில்லை. மெயில்தான் வந்தது. "எங்கள் அழைப்பை நீங்கள் இன்னும் திறக்கவில்லை." அதற்குப் பிறகு, "கடைசி அழைப்பு." அதற்கும் பிறகு, "உங்கள் பெயர் நீக்கப்பட்டது. இனி எங்களிடமிருந்து அழைப்பு வராது. நன்றி."

அனுப்பியவர் பெயர்: சங்கிலி, நதியா குடும்பம்.

இது ஆட்டோமேஷன் என்று எனக்குத் தெரியாதா? அதை வைத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். என் கேள்வி வேறு. நீக்கியது இயந்திரம். சேர்த்தது யார்? துபாயில் இருப்பவன், திருப்பூரில் இருப்பவன், உங்கள் கல்லூரி நண்பன் எல்லோருக்கும் நடுவில், தாய்மாமனை ஒரு மெயில் முகவரியாக அந்த லிஸ்ட்டில் போட்டது இயந்திரமா?

எங்கள் அப்பா, அம்மா இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது. ஆள் இல்லாத வீடு என்று நினைத்துவிட்டீர்கள்.

ஹர்ஷினிக்கு என் ஆசீர்வாதம்.

விஜயபாண்டி

---

தபால்
கே.கே.பட்டி, 5 ஜூன் 2010

மச்சான்,

உங்க லெட்டர நாலு தடவ படிச்சேன். நீங்க மரியாதையா எழுதுறதப் பாத்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு. "திரு"வாம், "அவர்களுக்கு"வாம். திட்டிருந்தீகன்னா தேவலாம்.

எனக்கு ஒண்ணுமே புரியல மச்சான். உள்ள ஒரு வார்த்த இல்லன்னு சொல்றீக. பத்திரிகை முழுசா உள்ள இருந்துச்சே! பாப்பா போட்டோ பெருசா, ரெட்ட ஜடையோட. அதுக்குக் கீழ "தாய்மாமன் தேவாரம் விஜயபாண்டி அவர்கள் மடியில் அமர்த்தி"ன்னு கொட்ட எழுத்துல உங்க பேரு. எங்க அப்பா பேரு கூட அதுல பாதி சைஸ்தான். அதுக்கே அவரு ஒரு நா பூராம் மொறச்சுக்கிட்டுக் கெடந்தாரு. எல்லாரும் பாத்திருக்காக, உங்களுக்கு மட்டும் எப்பிடி இல்லாமப் போகும்?

இன்னொண்ணும் கேக்குறேன், கோவப்படாதீக. ரிப்போர்ட்ல உங்க பேருக்கு நேரா "திறக்கவில்லை"ன்னு இருக்கு. மூணு மெயிலுக்குமே. மொத மெயில் போன அன்னைக்கே பாத்தேன். மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. என் மொத கேம்பெயின நம்ம மச்சானே தொறக்கலயேன்னு. வேல ஜாஸ்தியா இருக்கும்னு தேத்திக்கிட்டேன். இப்ப உள்ள ஒண்ணுமே இல்லன்னு சொல்றீக. தொறக்காம எப்பிடி மச்சான் உள்ள பாத்தீக? யாரு சொல்றது நெசம், நீங்களா, மெசினா?

மதினி போன் பண்ணுனா கட் பண்றீகளாமே. அவுக சாப்பிடுறதே இல்ல. பாப்பாவத் தூக்கி வச்சுக்கிட்டு அடுப்படியிலயே நிக்கிறாக. அண்ணன் என்னைய ஒரு அடி அடிச்சிருந்தாக் கூட பரவால்ல, பேசவே மாட்டேங்குறான்.

தாய்மாமன் மடி இல்லாம காது குத்துனா இங்கன என்ன சொல்லுவாகன்னு உங்களுக்கே தெரியும். "பொறந்த வீட்டு ஆளு வராத பிள்ள"ன்னு அது பெரியவளாகுற வரைக்கும் சொல்லுவாக. பெரியவளானப்பறமும் சொல்லுவாக. மதினிக்கு அந்தப் பக்கம்னு இருக்குறது நீங்க ஒரு ஆளுதான்.

தேதிய மாத்தவான்னு அப்பா கேட்டாரு. மதினி, "மாத்தாதீக மாமா, அண்ணே வரும்"னு ஒரே வார்த்ததான் சொன்னாக.

சூர்யா

---

தபால்
பெங்களூரு, 9 ஜூன் 2010

சூரியபிரகாஷுக்கு,

நான் பொய் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். நேரடியாக எழுதவில்லை, ஆனால் அதுதான் அர்த்தம்.

ஒவ்வொரு மெயிலையும் படித்தேன். ஆபீஸ் பஸ்ஸில், கம்பெனி கொடுத்த போனில். முதல் மெயிலை எத்தனை தடவை திறந்தேன் என்று எனக்கே தெரியாது. நதியா இன்னும் ஏதாவது எழுதியிருப்பாளோ என்று கீழே வரைக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. பக்கத்து சீட்டில் இருந்தவர், "என்ன சார், சிக்னல் இல்லையா?" என்று கேட்டார்.

என் பேர் கொட்டை எழுத்தில் இருந்தது என்கிறாய். நான் பார்க்கவில்லை. பாப்பா போட்டோ என்கிறாய். அதையும் பார்க்கவில்லை. ரிப்போர்ட் நான் திறக்கவே இல்லை என்கிறது. என் கண்ணும் ரிப்போர்ட்டும் வேறு வேறு சொன்னால் நீ ரிப்போர்ட்டைத்தான் நம்புவாய். தப்பில்லை. அப்படி நம்பச் சொல்லி எழுதியவனே நான்தான்.

இதற்கு மேல் எனக்கும் புரியவில்லை. நதியாவைச் சாப்பிடச் சொல்.

விஜயபாண்டி

---

தபால்
கே.கே.பட்டி, 13 ஜூன் 2010

மச்சான்,

கண்டுபிடிச்சுட்டேன்! ஆனா சந்தோசப்படுறதா அழுவுறதான்னு தெரியல.

எங்க அம்மாவாசி சித்தப்பா தெரியுமா, ஏலக்காய் தோட்டத்துல மேஸ்திரியா இருக்காரே, அவரு நேத்து மலையில இருந்து எறங்கி வந்தாரு. வாசல்ல நின்னுக்கிட்டே, "ஏண்டா சூர்யா, கடைசி அழைப்புன்னு சொல்லி விட்டிருக்க. எழவு வீட்டுக்கா கூப்பிடுற?"ன்னாரு. அவரு பேருக்கு நேராவும் "திறக்கவில்லை". நான் பதறிப்போயி, "சித்தப்பா, நீங்க எங்கன பாத்தீக?"ன்னேன். கம்பத்துல பிரவுசிங் சென்டர்லன்னாரு. அவரக் கையோட பஸ் ஏத்தி அங்க கூட்டிட்டுப் போனேன்.

மச்சான், அந்தக் கடையில எல்லா மெசின்லயும் படத்த ஆஃப் பண்ணி வச்சிருக்காக! படம் வந்தா லைன் இழுக்குதாம். கடைக்காரரு, "நம்ம கடையில பக்கம் பறக்கும் தம்பி"ன்னு பெருமையா வேற சொல்றாரு. சித்தப்பா மெயிலத் தொறந்து காட்டுனாரு. வெள்ளை. உங்க போன்ல வந்த அதே வெள்ளை.

வீட்டுக்கு வந்து உக்காந்து தேடித் தேடிப் படிச்சேன். மெயிலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத புள்ளி மாதிரி ஒரு படம் வச்சு அனுப்புறாகளாம். அந்தப் புள்ளி எறங்குனாத்தான் "திறந்தார்"னு கணக்கு. படம் வராத எடத்துல நூறு தடவ படிச்சாலும் "திறக்கவில்லை"தான். நீங்க போன்ல பாத்தீக. படம் வரல. பத்திரிகையும் வரல, புள்ளியும் வரல. மெசின் உங்கள மூணு தடவ தொறக்காதவுகன்னு முடிவு பண்ணி தூக்கிருச்சு.

நீங்களும் பொய் சொல்லல. ரிப்போர்ட்டும் பொய் சொல்லல. பெறகு எப்பிடி இவ்வளவு பெரிய தப்பு வந்துச்சு? அதான் எனக்கு மண்ட காயுது.

இதுல இன்னொண்ணு. படமாப் போடுன்னு சொன்னது நீங்க. மூணு தடவைக்கு மேல தூக்குன்னு சொன்னதும் நீங்க. நான் குத்தம் சொல்லல மச்சான், சத்தியமா. நீங்க சொன்னத அப்பிடியே செஞ்சேன், அது உங்களையே தூக்கிருச்சு.

தூக்குன பட்டியல எடுத்துப் பாத்தா நெறையப் பேரு பிரவுசிங் சென்டர் ஆளுக. கூடலூரு, பாளையம்னு டவுன் பஸ்ல ஏறி எறங்கி ஒவ்வொரு வீடாப் போயி மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கேன். போற எடமெல்லாம் காப்பி. வயிறு ஊதிப்போச்சு.

படம் தெரியுற மெசின்ல அந்த மொத மெயில ஒரு தடவ பாருங்க. வேற ஒண்ணும் கேக்கல.

சூர்யா

---

தபால்
பெங்களூரு, 17 ஜூன் 2010

மாப்ள,

பாத்தேன்.

ஆபீஸ்ல, எல்லாரும் சாப்பிடப் போனப்பறம். மேல மஞ்சளா ஒரு பட்டை, "படங்களைக் காட்டவா?"ன்னு. அதத்தான் நம்ம பிளாக்குல ஒரு வரி கூட எழுதல. எனக்கு அந்தப் புள்ளியப் பத்தித் தெரியாதுன்னு நெனைக்காத. நல்லாத் தெரியும். ஆயிரக்கணக்கான பேரச் சேத்துப் பாக்குறப்ப அது ஒரு சின்னப் பிழைன்னு ஓரமாத் தள்ளி வச்சிருந்தேன். அந்த ஓரத்துல நானே நிப்பேன்னு தோணல.

அமுக்குனேன். மெதுவா மேல இருந்து எறங்குச்சு. மொதல்ல ஜடை. அப்பறம் கண்ணு. அது எங்க அம்மா கண்ணுடா. அப்பறம் என் பேரு. பக்கத்து சீட்டுப் பொண்ணு அதுக்குள்ள வந்து, "சார், யாரு இது?"ன்னுச்சு. "என் மருமக"ன்னேன்.

ஆனா மாப்ள, மனசுல ஒண்ணு நிக்குது. படம் வந்திருந்தா கோவம் வந்திருக்காது, ஒத்துக்கிறேன். ஆனா கூப்பிட்டது அப்பவும் படந்தான, ஆளு இல்லையே. சங்கிலி மாப்பிள்ளை வர்றேன்னு நின்னாரு, நீதான் தடுத்தேன்னு எழுதுன. நான் சிரிப்பேன்னு நீ நெனச்சிருக்க. நான் ரெண்டு வாரம் கதவையே பாத்துக்கிட்டு இருந்தவன்டா.

வர்றேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல. எனக்கே தெரியல. இப்ப வந்தா, மெசின் சரியாயிருச்சுன்னு வந்த மாதிரி ஆகும். வரலைன்னா, மெசினுக்காக வராத மாதிரி ஆகும். எந்தப் பக்கம் போனாலும் அதுதான் முன்னால நிக்குது.

விஜயபாண்டி

---

தபால்
கே.கே.பட்டி, 24 ஜூன் 2010

மச்சான்,

உங்க லெட்டர் இப்பத்தான் வந்துச்சு. திரும்பவும் பேச்சுத் தமிழ்ல எழுதிருந்தீக, அதுவே எனக்குப் போதும். அண்ணனுக்குப் படிச்சுக் காட்டுனேன். கதவப் பாத்துக்கிட்டு இருந்தீகன்னு வந்த எடத்துல அவன் எந்திரிச்சுப் போயி மொகம் கழுவிட்டு வந்தான்.

நாளைக்கு சாயங்காலம் பஸ் ஏறுறான். சனிக்கிழம காலைல உங்க வீட்டு வாசல்ல நிப்பான். வெத்தல, பாக்கு, பழம், நம்ம தோட்டத்துப் பன்னீர் திராட்சை எல்லாம் மதினியே தட்டுல அடுக்குனாக. ஞாயித்துக்கிழம காதுகுத்த வச்சுக்கிட்டு வீட்டுக்காரன் இப்ப ஊருக்குப் போவானான்னு அப்பா சத்தம் போட்டாரு. "போகணும்பா"ன்னான், அவ்வளவுதான். போன் பண்ணிச் சொல்லிட்டுப் போண்ணேன்னேன். "சொல்லிட்டுப் போனா அது கூப்பிடப் போற மாதிரியா இருக்கும்?"னு கேக்குறான்.

சனிக்கிழம வீட்ல மட்டும் இருங்க.

இன்னொண்ணு. ரிப்போர்ட்ல உங்க பேருக்கு நேரா இப்ப "திறந்தார்"னு வந்துருச்சு. ஒரு தடவ இல்ல. நேத்து கூடத் தொறந்திருக்கீக. மதினிகிட்ட நான் சொல்லல. நீங்க பாத்துக்கிட்டே இருக்கீகன்னு ஒரு மெசின் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு தோணுச்சு.

சூர்யா

---

தபால்
கே.கே.பட்டி, 1 ஜூலை 2010

மச்சான்,

நல்லபடியா போய்ச் சேந்தீகளா?

சனிக்கிழம காலைல நீங்க பையோட வாசல்ல வந்து நின்னீகள்ல, அப்ப நான் மாடியில இருந்தேன். மேல இருந்து உங்க தலையப் பாத்ததும், அதுக்குள்ள எப்பிடி வர முடியும்னு கூட யோசிக்காம, "அண்ணன் கூட்டிட்டு வந்துட்டான்!"னு கத்திக்கிட்டே எறங்கி வந்தேன். வந்து பாத்தா அண்ணனக் காணோம். "சங்கிலி மாப்பிள்ளை எங்க?"ன்னு நீங்க கேக்குறீக. "உங்களக் கூப்பிட பெங்களூரு போயிருக்கான்"னு நான் சொல்றேன். மதினி அழுகுறதா சிரிக்கிறதான்னு தெரியாம வாசல் நெலைய மறிச்சுக்கிட்டு நிக்கிறாக. உங்க ரெண்டு பேரு பஸ்ஸும் வழியில எங்கன ஒண்ண ஒண்ணு தாண்டிப் போயிருக்கும்னு நெனச்சுப் பாத்தா இன்னமும் சிரிப்பா வருது.

அண்ணன் ஒரு விசயம் உங்ககிட்டச் சொல்லிருக்க மாட்டான். பூட்டுன கதவுக்கு முன்னால தட்டோட நின்னானாம். எனக்குப் போன் பண்ணி, "ஏலே, மச்சான் வீடு பூட்டிக் கெடக்குடா. வேணும்னே போயிட்டாரு போல"ன்னான். "அண்ணே, அவுக இங்கன உக்காந்து தோச சாப்பிடுறாக"ன்னேன். அப்பறம், "சட்னி நல்லா வைக்கச் சொல்லு. நான் வந்துர்றேன்"னான். அதே சட்டையோட ஞாயித்துக்கிழம காலைல நேரா கோயில்லயே வந்து எறங்குனான்.

பாப்பா உங்க மடியில ஏறுனதும் உங்க மூக்கப் பிடிச்சு இழுத்துச்சே, ஆசாரி ரெண்டு காதுலயும் குத்தி முடிச்சப்பறந்தான் அதுக்கு அழணும்னே தோணுச்சு. உங்க மொகம் பழகலன்னு பயந்தீகளே. மதினி அந்தப் பத்திரிகைய பிரிண்ட் எடுத்து வச்சுக் காட்டித்தான் தெனம் சோறு ஊட்டுனாகளாம், இது மாமா, இது மாமான்னு. அதுல உங்க பேருதான் இருக்கு, போட்டோ இல்லயேன்னு கேட்டேன். "அதுக்கென்ன"ன்னுட்டாக. எனக்கு இதும் புரியல.

கடைசியா ஒரு சந்தேகம். கோயிலுக்கு வந்தவுகள்ட்ட எல்லாம் கேட்டேன், எங்க மெயிலப் பாத்தா வந்தீகன்னு. ஒருத்தரு கூட ஆமான்னு சொல்லல. அவுக சொன்னாக, இவுக சொன்னாகன்னுதான் வந்திருக்காக. கஸ்தூரி அத்த மட்டும், "நீ நேர்ல மூணு தடவ கூப்பிட்டேல்ல, அதுக்குத்தான் வந்தேன்"னுச்சு. அப்ப அம்பத்தி நாலு சதவீதம்கிறது என்னது மச்சான்? கம்பத்துக் கடைக்காரருகிட்ட இந்த ரிப்போர்ட்டக் காட்டவா, வேண்டாமா?

சூர்யா

---

தபால்
பெங்களூரு, 6 ஜூலை 2010

மாப்ள சூர்யா,

காட்டு. ஆனா கூடவே தூக்குன பட்டியலையும் காட்டு. அவுகள நீ வீடு வீடாப் போயி பாத்ததையும் சொல்லு. வேல குடுக்குறவன் அதுக்குத்தான் குடுப்பான். நானும் பிளாக்குல அந்த மூணு தடவ ரூல எடுத்துட்டேன். அதுக்குப் பதிலா என்ன எழுதுறதுன்னு இன்னும் தெரியல. ஒரு வாரமா வெறும் பக்கமாத்தான் இருக்கு.

உன் ஜூன் 24 லெட்டரு ஊருல இருந்து திரும்புனப்பறந்தான் கைக்கு வந்துச்சு. வீட்ல மட்டும் இருங்கன்னு எழுதிருக்க. நான் அப்ப உங்க வீட்ல இருந்தேன்.

நான் திரும்பி வந்தப்ப வீட்டு ஓனரம்மாவும் ஊருக்குப் போயிருந்தாக. இன்னைக்குத்தான் வந்தாக. வந்ததும் கதவத் தட்டி ஒரு தட்ட நீட்டுனாக. "உங்க தங்கச்சி வீட்டுக்காரராம், பூட்டுன கதவையே பாத்துக்கிட்டு நின்னாரு. உள்ள வாங்கன்னேன், வரல. இத உங்க கையிலதான் குடுக்கணும், வேற யாரும் பிரிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாரு. அதான் அப்பிடியே வச்சிருந்தேன்"னாக.

மேல மஞ்சத் துணி கட்டி, அதுல முடிச்சுப் போட்டிருந்துச்சு. நதியா போடுற முடிச்சு. சின்னப் பிள்ளையில அவ ஸ்கூல் பையக் கட்டுறதும் அப்பிடித்தான், யாராலயும் அவுக்க முடியாது.

காதுகுத்து முடிஞ்சு இத்தன நாளாச்சு. நான் வந்து, பாப்பா மடியில உக்காந்து, மூக்கப் பிடிச்சு இழுத்து, எல்லாம் முடிஞ்சு போச்சு. ஆனா அந்தத் தட்ட முன்னால வச்சுக்கிட்டு, இன்னும் யாரும் என்னையக் கூப்பிடாத மாதிரி உக்காந்திருந்தேன். அப்பறம் மெதுவா முடிச்ச அவுத்தேன்.

வெத்தல சருகாக் காஞ்சிருச்சு. பாக்கு அப்பிடியே இருக்கு. திராட்சை சுருங்கி உலர்ந்திருந்துச்சு, ஒண்ண வாயில போட்டுப் பாத்தேன், இனிப்பாத்தான் இருந்துச்சு.

உன் ரிப்போர்ட்ல என் பேருக்கு நேரா என்ன இருந்தாலும் அழிச்சுட்டு, இன்னைக்குத் தேதியப் போடு. இப்பத்தான் தொறந்தேன்.

விஜயபாண்டி